புது வக்கீலுக்கு முதல் மூன்று வருடம் என்ன கிடைக்கும், அதை எப்படிக் கேட்டு வாங்குவது

சட்டப் படிப்பை முடித்துவிட்டு என்ரோல்மென்ட்டுக்கு, அதாவது வக்கீலாகப் பதிவு செய்துகொள்ள, காத்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, சீனியர் மாசம் எவ்வளவு தருவாங்க?" என்பதுதான். கேட்ட வேகத்திலேயே, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி, "சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்க்கா" என்று குரலை இறக்கிக்கொள்வார்கள். இறக்க வேண்டியதே இல்லை. அறை வாடகை இருக்கிறது, பஸ் செலவு இருக்கிறது, ஐந்து வருடம் படிக்க வைத்த வீடு அடுத்து என்ன என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் பதின்மூன்று வருடமாகத் தமிழ்நாட்டில் மாவட்ட நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலும் ஆஜராகிறவள், என் வீட்டில் முதல் வக்கீல் நான்தான், இந்தக் கேள்விக்கு நேரான பதிலை எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நேரான பதில் இது. மாவட்டத் தலைநகரத்திலோ தாலுகா நீதிமன்றத்திலோ ஒரு சீனியரிடம் சேர்ந்தால் முதல் வருடம் மாதம் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் வரை என்பதுதான் நான் அதிகம் பார்ப்பது. ஒன்றுமே தராமல் "முதல்ல தொழிலைக் கத்துக்கோ" என்று சொல்லும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தில் கேஸ் ஓட்டம் உள்ள அலுவலகம் என்றால் பத்தாயிரத்தில் ஆரம்பித்து இருபதாயிரம் வரை போகும், ஒரு சில இடங்களில் அதற்கு மேலும் தருகிறார்கள். இரண்டாவது, மூன்றாவது வருடத்தில் இந்த ஸ்டைபெண்ட் (சீனியர் மாதா மாதம் தருகிற உதவித்தொகை) பெரிதாக ஏறிவிடாது. ஏறுவது உங்கள் சொந்தக் கேஸ் வருமானம்தான், அதுவும் முதல் வருடத்திலேயே அதற்கு வழி பண்ணி வைத்திருந்தால். மூன்றாவது வருட முடிவில் எல்லாம் சேர்த்து மாதம் இருபது, இருபத்தைந்தாயிரம் சராசரியாக வருகிறது என்றால் அந்த ஜூனியர் நன்றாகவே காலூன்றிவிட்டார் என்று எடுத்துக்கொள்வேன். சராசரி என்றால், ஒரு மாதம் நாற்பதாயிரம் வரும், அடுத்த மாதம் எட்டாயிரம்தான் வரும்.

கோட்டு போடுவதற்கு முன்பே ஆகிற செலவையும் சொல்லிவிடுகிறேன். வழக்கறிஞர்கள் சட்டம் 1961, பிரிவு 24-இன்படி என்ரோல்மென்ட் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். ஆனால் பல வருடங்களாக வக்கீல்களைப் பதிவு செய்கிற ஒவ்வொரு மாநில பார் கவுன்சிலும் அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் என்று சேர்த்து ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தது. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வில், சட்டத்தில் சொன்ன தொகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. உங்களுக்கு முன்னால் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பணம் திரும்பி வரவில்லை, உங்களுக்கு மிச்சம். அதோடு வக்கீலாகத் தொடர எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வு இருக்கிறது, அதை என்ரோல் ஆகி இரண்டு வருடத்துக்குள் முடிக்க வேண்டும், அதற்குக் கட்டணம் தனி. அதைத் தள்ளிப் போடாதீர்கள், முதல் வாய்ப்பிலேயே எழுதிவிடுங்கள், கேஸ் கட்டு கூடிய பிறகு படிக்க நேரம் கிடைக்காது.

ஸ்டைபெண்ட் பற்றி உத்தரவே இருக்கிறது

இது நிறைய ஜூனியர்களுக்குத் தெரியவில்லை. 2024 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம்.சுப்ரமணியம், சி.குமரப்பன் அமர்வு, ஜூனியர்களிடம் வேலை வாங்கிக்கொண்டு பணம் தராமல் இருப்பது சுரண்டல்தான் என்று சொல்லி, குறைந்தபட்ச ஸ்டைபெண்ட்டை நிர்ணயித்தது. சென்னை, மதுரை, கோயம்புத்தூர் என்றால் மாதம் 20,000 ரூபாய், மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாய். தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் அதை எல்லாச் சங்கங்களுக்கும் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அதே வருடம் அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் ஒரு சுற்றறிக்கை விட்டது: நகர்ப்புறத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000, சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது மூன்று வருடத்துக்கு. ஆனால் அதைப் பரிந்துரையாகத்தான் வைத்தது, கட்டாயம் என்று சொல்லவில்லை. சிறிய ஊர் சீனியர்களுக்கும் வருமானம் குறைவானவர்களுக்கும் அது முடியாமல் போகலாம் என்பதையும் ஒப்புக்கொண்டது.

சரி, இதை வைத்து நீங்கள் என்ன செய்யலாம்? தரவில்லை என்றால் பார் கவுன்சிலில் புகார் கொடுக்க வழி இருக்கிறது, ஆனால் சொந்த ஊர் பாரில், அதாவது வக்கீல்கள் வட்டத்தில், முதல் வருடமே சீனியர் மேல் புகார் கொடுக்கிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும் என்பது எனக்கும் தெரியும். நான் சொல்வது வேறு. சேர்வதற்கு முன் சம்பளப் பேச்சு வரும்போது மேஜையில் வைக்க உங்களிடம் ஒரு எண் இருக்கிறது, அது நீங்களாக யோசித்துச் சொன்ன எண் இல்லை, உயர் நீதிமன்றம் சொன்னது. "சார், ஹைகோர்ட் பதினஞ்சுன்னு சொல்லியிருக்காங்க, உங்களால எவ்வளவு முடியும்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பத்துதான் முடியும் என்று அவர் சொன்னால் அதுவும் ஒரு பதில்தான், முடிவு உங்கள் கையில். என்னிடம் இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள், முதல் வருடத்தில் இருப்பவருக்குப் பதினைந்து, மூன்றாவது வருடத்தில் இருப்பவருக்குப் பதினெட்டு கொடுக்கிறேன். கொடுக்கிற மாதம் சில சமயம் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் முடியாத காரியம் இல்லை.

சேருகிற அன்றே பேசிவிடுங்கள்

என் முதல் சீனியர் நல்ல வக்கீல். அவர் குறுக்கு விசாரணைக்கு எழுந்தால் கோர்ட் ஹாலில் பேச்சுச் சத்தம் அடங்கிவிடும். நான் சேர்ந்த அன்று பணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. காலை எட்டரைக்கு அலுவலகம், பத்தரைக்குக் கோர்ட், சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி அலுவலகம், ஹாஸ்டலுக்குத் திரும்ப இரவு ஒன்பதரை ஆகும். நகல் மனுவுக்கு ஸ்டாம்பு, ஜெராக்ஸ், ஆட்டோ எல்லாம் என் கையிலிருந்து போனது. "அப்புறம் வாங்கிக்கோம்மா" என்பார், நானும் "சரி சார்" என்பேன்.

மூன்றாவது மாதம் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து அன்றன்று எழுத ஆரம்பித்தேன். ஜெராக்ஸ் 64, ஸ்டாம்பு 20, ஆட்டோ 50 என்று வரி வரியாக. மாதக் கடைசியில் கூட்டினால் 1,870 ரூபாய். அதாவது சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தது போக, மாதா மாதம் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் நான் அவர் அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பணம் என் அப்பா அனுப்பியது. நோட்டை அவர் மேஜையில் வைத்து, "சார், இது இந்த மாசக் கணக்கு" என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்து முடித்து, "இதை ஏம்மா முதல்லயே சொல்லல?" என்றார். உண்மையாகவே அவர் அதை யோசித்துப் பார்த்ததில்லை, அவர் ஜூனியராக இருந்தபோது அவருக்கும் யாரும் தந்ததில்லை. அன்றைக்கே செலவுப் பணத்தைக் கொடுத்துவிட்டார், அடுத்த மாதத்திலிருந்து ஒன்றாம் தேதி 4,000 ரூபாய் கவரில் வந்தது. மூன்று மாதம் நான் வாய் திறக்காததால் போன பணம் போனதுதான்.

அதனால் முதல் நாளே கேளுங்கள். தொகையை மட்டும் கேட்டால் போதாது. எந்தத் தேதியில் வரும், கோர்ட் செலவுக்கு முன்பணம் தருவார்களா அல்லது நாம் போட்டுவிட்டுப் பிறகு வாங்க வேண்டுமா, வெளியூர் கோர்ட்டுக்குப் போனால் பேட்டா உண்டா, மே மாதம் கோடை விடுமுறையில் ஸ்டைபெண்ட் உண்டா, இதையெல்லாம் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமானது இன்னொன்று: சொந்தக் கேஸ் எடுத்துக்கொள்ளலாமா, எடுத்தால் அலுவலகத்தின் டைப்பிங், பிரிண்டர், நூலகம் பயன்படுத்தலாமா, அதில் சீனியருக்குப் பங்கு வேண்டுமா. சொந்தக் கேஸே எடுக்கக் கூடாது என்று சொல்கிற அலுவலகத்தில் எட்டாயிரம் ரூபாய்க்குச் சேராதீர்கள். கைகளைக் கட்டி வைக்கிற அலுவலகம் அதற்குத் தகுந்த பணத்தைத் தர வேண்டும்.

வக்காலத்தில், அதாவது கட்சிக்காரர் வக்கீலை நியமிக்கிற பத்திரத்தில், உங்கள் பெயர் வருமா என்பதையும் கேளுங்கள். இது இப்போது பண விஷயமும் ஆகிவிட்டது, ஏன் என்று கீழே வருகிறேன்.

இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் பலரும் கூடுதல் தொகையைப் பார்த்துப் போய்விடுகிறார்கள். நான் அப்படிப் பார்க்க மாட்டேன். பதினெட்டாயிரம் கொடுத்து இரண்டு வருடம் வெறும் வாய்தா வாங்க மட்டும் அனுப்புகிற இடம் ஒன்று, பத்தாயிரம் கொடுத்து ஆறாவது மாதத்திலேயே ஒரு சின்ன சாட்சியை விசாரிக்க விடுகிற இடம் ஒன்று என்றால், வீட்டு நிலைமை தாங்குமென்றால் இரண்டாவதுதான். மூன்றாவது வருடத்தில் கட்சிக்காரர் உங்களைத் தேடி வருவது நீங்கள் கோர்ட்டில் பேசுவதைப் பார்த்துத்தான். ஆனால் வீட்டு நிலைமை தாங்காது என்றால் கூடுதல் தொகைக்கே போங்கள், அதில் எந்தக் குறையும் இல்லை. ஒன்றுமே தராத இடத்துக்கு மட்டும் யாருமே போகாதீர்கள் என்பது என் கருத்து. அப்பாவோ மாமாவோ வக்கீலாக இருக்கிற பிள்ளைக்கு அது ஒரு வருடப் பயிற்சி. கூலி வேலை செய்து படிக்க வைத்த வீட்டுப் பிள்ளைக்கு அது தொழிலை விட்டே போக வைக்கிற வருடம். என் செட்டில் அப்படிப் போனவர்களில் என்னை விட நன்றாக வாதாடக்கூடியவர்கள் இருந்தார்கள்.

"பார்த்துக் குடுங்க" என்று சொல்லாதீர்கள்

என்னுடைய முதல் சொந்தக் கேஸ் ஒரு பராமரிப்புத் தொகை மனு. ஹாஸ்டலில் சமையல் செய்த அக்காவின் தங்கை, கையில் குழந்தை, கணவர் எதுவும் தருவதில்லை. எல்லாம் கேட்டு முடித்த பிறகு அந்தப் பெண், "ஃபீஸ் எவ்வளவும்மா?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. "நீங்க பார்த்துக் குடுங்க" என்றேன். அவர் 500 ரூபாய் கொடுத்தார். கேஸ் பதினான்கு மாதம் நடந்தது, இருபத்திரண்டு வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் ஏதாவது தர வேண்டுமோ என்று கூச்சப்பட்டு நிற்பார், கேட்க வேண்டுமோ என்று நானும் கூச்சப்பட்டு நிற்பேன். தொகையை முதலிலேயே சொல்லியிருந்தால், குறைவாகவே சொல்லியிருந்தாலும், இரண்டு பேருக்கும் அந்தச் சங்கடம் இருந்திருக்காது. இலவசமாகச் செய்வது என்றால் அதையும் வாய் திறந்து சொல்லிவிட வேண்டும், "இதுக்கு எனக்கு எதுவும் வேண்டாம், ஸ்டாம்பு செலவு மட்டும் குடுங்க" என்று.

இப்போது நான் ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது, கேஸைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஃபீஸ் சொல்லுங்கள் என்றுதான். நோட்டீஸ் அனுப்புவதற்கு ஒரு தொகை, மனு தயாரித்துத் தாக்கல் செய்து எண் ஆகிற வரை ஒரு தொகை, விசாரணைக்கு ஒன்று, வாதத்துக்கு ஒன்று. மொத்தமாக இருபதாயிரம் என்றால் பயந்துபோகிற கட்சிக்காரர், முதல் கட்டம் ஐயாயிரம் என்றால் யோசித்துத் தருவார், உங்களுக்கும் கேஸ் இழுக்க இழுக்க இலவச வேலை ஆகிவிடாது. கோர்ட் செலவு வேறு, ஃபீஸ் வேறு என்று முதலிலேயே பிரித்து ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வாங்குகிற ஒவ்வொரு தொகைக்கும் ரசீது. கட்சிக்காரர் செலவுக்குக் கொடுத்த பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும் என்பது பார் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது, அதோடு நாளைக்கு ஒரு சண்டை வந்தால் உங்களைக் காப்பாற்றுவதும் அந்தத் தாள்தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மோட்டார் விபத்துக் கேஸில் "ஜெயிச்சு வர்ற தொகைல இத்தனை பர்சென்ட்" என்று பேசுவது ஊரெல்லாம் நடக்கிறது, அதில்தான் பெரிய பணம் என்று உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். கேஸின் முடிவை வைத்து ஃபீஸ் பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்திருக்கின்றன. கால் போனவருக்கு வந்த இழப்பீட்டில் மூன்றில் ஒன்று வக்கீலுக்குப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஆஸ்பத்திரி வாசலிலும் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும் நிற்கிற புரோக்கருக்குக் கமிஷன் கொடுத்துக் கேஸ் பிடிப்பதும் அதே மாதிரிதான், முதல் வருடம் அதில் வருகிற காசு வேகமாக வரும், அதற்கப்புறம் அவர்கள் கையில்தான் நீங்கள் இருப்பீர்கள்.

பிறகு எப்படிக் கேஸ் வரும்? விளம்பரம் செய்ய நமக்கு அனுமதி இல்லை. சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், கூடப் படித்தவர்கள் மூலமாகத்தான் முதல் பத்து கேஸ் வரும், அவை பெரும்பாலும் செக் கேஸ் (பணமில்லாமல் திரும்பிய காசோலை வழக்கு), குடும்பக் கேஸ், வாடகைத் தகராறு, வாரிசுச் சான்றிதழ் சம்பந்தமான வேலைகள். உங்கள் பாரில் கேஸ் அதிகம் உள்ள வக்கீல்கள் ஒரே நேரத்தில் இரண்டு கோர்ட்டில் நிற்க முடியாமல் தவிப்பார்கள், அவர்களுக்காக ஒரு வாய்தா வாங்கிக் கொடுத்தால், ஒரு மனு தயாரித்துக் கொடுத்தால், ஐந்நூறு ஆயிரம் என்று கிடைக்கும், அதை விட முக்கியமாக உங்கள் வேலை சுத்தமாக இருக்கிறது என்ற பெயர் பரவும். தாக்கல் செய்த கட்டு குறையோடு திரும்பி வந்தால் அதே நாள் சரி செய்து மறுபடி போடுகிற ஜூனியருக்கு வேலை வந்துகொண்டே இருக்கும். குமாஸ்தாக்களை மரியாதையாக நடத்துங்கள், எந்தக் கோர்ட்டில் எந்த மனு எப்படிப் போட வேண்டும் என்பதை அவர்கள் சொல்லிக் கொடுத்துத்தான் நாங்கள் எல்லோரும் கற்றுக்கொண்டோம்.

பக்கத்தில் ஒரு வேலை பார்த்துக்கொண்டே பிராக்டிஸ் செய்யலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பிராக்டிஸ் செய்கிற வக்கீல் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது, அப்படி வேலைக்குப் போனால் பார் கவுன்சிலுக்குச் சொல்லி பிராக்டிஸை நிறுத்தி வைக்க வேண்டும். சட்டம் கற்பிப்பதற்கு மட்டும் விலக்கு இருக்கிறது, ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் வகுப்பு எடுக்கலாம். பாடம் சொல்லித் தருவதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு முதல் சில வருடங்களைத் தாண்ட இது நல்ல வழி.

மாதச் சம்பளம்தான் வேண்டும் என்றால்

பெரிய கார்ப்பரேட் சட்ட நிறுவனங்களில் புதிதாகச் சேருகிறவர்களுக்கே ஆண்டுக்குப் பதினைந்து லட்சத்துக்கு மேல் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான், ஆனால் அந்த வேலைகளில் பெரும்பகுதி தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் வளாகத் தேர்விலும், படிக்கும்போதே செய்கிற இன்டர்ன்ஷிப் மூலமாகவும் முடிந்துவிடுகின்றன, இடங்களும் மும்பை, டெல்லி, பெங்களூரு பக்கம்தான் அதிகம். அதை வைத்து உங்கள் பத்தாயிரத்தை அளந்து மனம் நொந்து போகாதீர்கள், அது வேறு தொழில் என்றே சொல்லலாம். படித்துக்கொண்டிருக்கிறவர்களாக இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போக இப்போதே இன்டர்ன்ஷிப் தேடுங்கள்.

நீதிமன்றத்துக்குள்ளேயே சில வாய்ப்புகள் இருக்கின்றன. உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு ஆராய்ச்சி உதவி செய்கிற லா கிளார்க் பணிக்குத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள், மாதம் 80,000 ரூபாய், குறுகிய கால ஒப்பந்தம். சென்னை உயர் நீதிமன்றத்திலும் ஆராய்ச்சி உதவியாளர் பணிக்கு அறிவிப்பு வரும், அங்கே மாதம் 30,000 ரூபாய் என்று அறிவித்து எடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பிராக்டிஸ் செய்ய முடியாது, ஆனால் ஒரு தீர்ப்பு எப்படி உருவாகிறது என்பதை உள்ளேயிருந்து பார்ப்பீர்கள், அதற்காகவே போகலாம் என்பேன். சட்ட உதவி மன்றத்தில் பேனல் வக்கீல் (இலவச சட்ட உதவிக் கேஸ்களுக்கான பட்டியலில் இருக்கிற வக்கீல்) ஆகப் பொதுவாக மூன்று வருட அனுபவம் கேட்பார்கள். ஆனால் 2022-இல் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் கொண்டுவந்த சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டத்தில் உதவி வழக்கறிஞர் பதவிக்கு மூன்று வருடத்துக்குக் குறைவான அனுபவம் உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். மாதா மாதம் மதிப்பூதியம், முழுநேரக் குற்றவியல் வேலை, தனிக் கேஸ் எடுக்க முடியாது. ஜாமீன் மனுவும் செஷன்ஸ் விசாரணையும் இரண்டு வருடம் தொடர்ந்து செய்கிற வாய்ப்பு எந்தச் சீனியரிடமும் அவ்வளவு லேசில் கிடைக்காது. உங்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் அறிவிப்பு எப்போது வரும் என்று போய்க் கேட்டு வையுங்கள்.

நீதிபதி ஆக நினைக்கிறவர்களுக்கு ஒரு பெரிய மாற்றம் வந்திருக்கிறது. சிவில் நீதிபதி பதவிக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளமே 77,840 ரூபாய், அதனால் படிப்பு முடிந்ததும் நேராகத் தேர்வுக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். 2025 மே 20 அன்று தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, இனி வரும் தேர்வுகளுக்குக் குறைந்தது மூன்று வருட பிராக்டிஸ் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த மூன்று வருடம் பார் தேர்வு முடிக்கும் முன்பே கிடைக்கிற தற்காலிக என்ரோல்மென்ட் நாளிலிருந்தே கணக்கு, லா கிளார்க்காக இருந்த காலமும் சேரும். பத்து வருடம் பிராக்டிஸ் உள்ள ஒரு வக்கீலின் சான்றிதழை நீதிமன்ற அதிகாரி ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். வக்காலத்தில் உங்கள் பெயர் வர வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். மூன்று வருடம் அலுவலகத்தில் உட்கார்ந்து டைப் செய்ததற்குச் சாட்சி எதுவும் இருக்காது. இதைச் சீனியரிடம் சொல்லியே கேட்கலாம், இப்போது யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. அரசு உதவி வழக்கறிஞர் தேர்வுக்கும் இதே மாதிரிதான், குற்றவியல் நீதிமன்றத்தில் ஐந்து வருட அனுபவம் கேட்கிறார்கள்.

வருகிற காசை எப்படி வைத்துக்கொள்வது

ஏறி இறங்கும் வருமானத்தில் முதலில் அடிபடுவது மே மாதம். உயர் நீதிமன்றமும் சிவில் கோர்ட்டுகளும் கோடை விடுமுறையில் இருக்கும், கட்சிக்காரர் யாரும் படியேற மாட்டார், ஜூன் மாதம் பள்ளிக்கூடச் செலவில் எல்லோர் கையும் வறண்டிருக்கும், ஜூலை வரைக்கும் காசு நகராது. அதனால் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வருகிற ஃபீஸில் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள், இரண்டு மாத வாடகையும் சாப்பாடும் அதில் நிற்க வேண்டும். முதல் இரண்டு வருடம் புதுச் சட்டப் புத்தகம், புதுக் கோட்டு, பைக் தவணை என்று எதிலும் இறங்காதீர்கள். புத்தகத்துக்கு பார் அசோசியேஷன் நூலகம் போதும், கோட்டு இரண்டு இருந்தால் போதும்.

கம்பெனியோ வங்கியோ உங்களுக்கு ஃபீஸ் தந்தால், வருடத்துக்கு ஒரு வரம்பைத் தாண்டும்போது பத்து சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். உங்கள் வருமானம் வரி கட்டுகிற அளவுக்கு இல்லை என்றால் கணக்குத் தாக்கல் செய்து அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கலாம். இது தெரியாமல் மூன்று வருடம் விட்டுவிட்ட ஒரு தம்பியைத் தெரியும். வருமானம் குறைவாக இருந்தாலும் வருடா வருடம் தாக்கல் செய்துவிடுங்கள், வங்கியில் கடன் கேட்கும்போது வக்கீலிடம் முதலில் கேட்கிற காகிதம் அதுதான், நமக்குத்தான் சம்பளச் சீட்டு கிடையாதே.

அப்புறம் ஒரு பைல் போட்டுக்கொள்ளுங்கள், என்ரோல் ஆன அன்றைக்கே. உங்கள் பெயர் உள்ள வக்காலத்து நகல், உங்கள் ஆஜர் பதிவான உத்தரவு நகல், ஃபீஸ் ரசீதின் அடிக்கட்டை, சீனியர் ஸ்டைபெண்ட் கொடுத்த வங்கிப் பதிவு எல்லாம் தேதி வாரியாக அதில் போகட்டும். ஸ்டைபெண்ட்டைக் கவரில் தராமல் வங்கிக் கணக்கில் போடச் சொல்லிக் கேளுங்கள். மூன்று வருடம் கழித்து நீதிபதி தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதும், வேறு அலுவலகத்துக்கு மாறும்போதும், அடுத்த சீனியர் "இப்ப எவ்வளவு வாங்குற?" என்று கேட்கும்போதும், அந்தப் பைலை எடுத்து மேஜையில் வைக்கலாம்.